வேம்பை வெட்டாமல் வீடு

காணியின் நடுவில் நிற்கும் வேம்பை வெட்டினால்தான் பிளான் சரியாக வரும் என்று மேசன் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரையில்லை.

போன மாதம் பெந்தோட்டைக்குப் போய் லுணுகங்கையைப் பார்த்தேன். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கிய பழைய றப்பர் தோட்டம். சாகும்வரை, 2003வரை, அதைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தார். எது வீடு, எது தோட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அங்கேதான் ஈனா டி சில்வாவின் வீடும் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் பத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) கலைஞர் ஈனாவுக்காகக் கொழும்பில் பாவா கட்டியது. பிறகு அதைக் கழற்றி, கல்லுக்கும் கதவுக்கும் எண் போட்டு, இங்கே கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்! வெளியே மதில், உள்ளே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே ஓடு. எங்கள் நாற்சார் வீடுதானே இது என்று மனம் துள்ளியது. ஆனால் பழசின் நகல் இல்லை. அந்தக் காலத்துக்கே புதுமையான வீடு.

அன்றிரவே பிளானைத் திருப்பிப் போட்டேன். வேம்பு முற்றத்தில் நிற்கும். அறைகள் அதைச் சுற்றி வரும். வேர் அறுபடாமல் அத்திவாரம் தள்ளிப்போகும். அதனால் ஓர் அறை சிறுக்கும், சிறுக்கட்டும். மேற்கு வெயிலுக்கு அகலத் தாழ்வாரம். முற்றத்துக்குச் சீமெந்து போட விடமாட்டேன், மாரி மழை மண்ணுக்குள் இறங்க வேண்டும். அப்புறம், குசினி யன்னல் கிணற்றடி வாழைகளைப் பார்த்தபடி.

அம்மாவிடம் காட்டினேன். "பூ உதிருற காலத்தில முற்றத்திலயே வடகத்துக்குப் பொறுக்கலாம்" என்றார்.