கொம்பு டைனோசர்கள் கூட்டமாகக் கிடக்கும் இடம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகரத்திலிருந்து டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் புரூக்ஸ் வரை கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமும்தான். அங்கிருந்து வடகிழக்கே கொஞ்ச தூரம் போனதும் தரை சட்டென்று உள்வாங்குகிறது. கீழே, ரெட் டீர் ஆறும் மழையும் அரித்துப்போட்ட பள்ளத்தாக்கு. அதுதான் டைனோசர் மாகாணப் பூங்கா. 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம்.

பூங்காவின் பெரும்பகுதிக்குள் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. நான் பதிவு செய்திருந்தது சென்ட்ரோசாரஸ் என்ற கொம்பு டைனோசரின் எலும்புப் படுகைக்கு, அதாவது எலும்புகள் மொத்தமாகப் புதைந்து கிடக்கும் இடத்துக்கு, போகும் நடை. முந்தின இரவு மழை பெய்திருந்ததால் பென்டோனைட் களிமண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

சென்ட்ரோசாரஸ் சுமார் ஐந்து மீட்டர் நீளமுள்ள தழை தின்னி. மூக்கின் மேல் ஒற்றைக் கொம்பு. தலைக்குப் பின்னால் முறம் போல விரிந்த எலும்பு, அதன் உச்சியில் முன்பக்கமாக வளைந்த இரண்டு கொக்கிகள். 1904-ல் கனடாவின் புதைபடிவ ஆய்வாளர் லாரன்ஸ் லாம்ப் இதற்குப் பெயர் வைத்தார்.

முழு எலும்புக்கூட்டைப் பார்க்கலாம் என்று வந்தால் ஏமாற்றம்தான். விலா, முதுகெலும்பு, மண்டைத் துண்டு எல்லாம் கலைந்து கிடக்கின்றன. ஆனால் கிட்டத்தட்ட அத்தனையும் ஒரே இனம், குட்டி முதல் பெரியது வரை. நடுநடுவே, பிணம் தின்ன வந்த டைரனோசர்கள் என்ற பெரிய ஊனுண்ணி டைனோசர்கள் உதிர்த்த பற்கள். பக்கத்து மாகாணமான சஸ்காட்செவனின் எல்லையோரம் ஹில்டா என்ற ஊர்ப்பக்கம் இதைவிடப் பெரிய கதை: 2.3 சதுர கிலோமீட்டருக்குள் 14 படுகைகள். புயல் வெள்ளத்தில் ஒரு பெருங்கூட்டமே மூழ்கியிருக்கலாம் என்று ஆய்வாளர் டேவிட் எபர்த் குழுவினர் 2010-ல் எழுதினார்கள். அந்த விலங்குகள் வாழ்ந்த காலத்தில் இது, கண்டத்துக்குள் இருந்த ஒரு கடலின் ஓரத் தாழ்நிலம். தண்ணீர் ஏறினால் ஒதுங்க மேடு இல்லை.

சரி, ஒன்றாகச் செத்தால் ஒன்றாக வாழ்ந்ததாக ஆகிவிடுமா? வறட்சியில் ஒரே குட்டையைத் தேடி வந்து செத்திருக்கக் கூடாதா? அப்படியென்றால் பல இனங்களும் கலந்தல்லவா கிடக்க வேண்டும் என்றார் வழிகாட்டி. அப்புறம் அந்தக் கொக்கிகள். குட்டிகளுக்கு அவை இல்லை, வளர்ந்த பிறகுதான் முளைக்கின்றன. எதிரியை விரட்டத்தான் என்றால் குட்டிக்கல்லவா முதலில் வேண்டும்? தன் இனத்தாருக்குக் காட்டத்தான் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவை கூட்டமாகத்தான் வாழ்ந்தன என்று என்னை அதிகம் நம்பவைத்தது ஒரே ஒரு சென்ட்ரோசாரஸ் கால் எலும்பு. 1989-ல் இதே பூங்காவில் எடுத்தது. முறிந்து கூடியது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகமும் மக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்ததில், முற்றிய எலும்புப் புற்றுநோய் என்று 2020-ல் தெரிந்தது. டைரனோசர்கள் திரியும் காட்டில் நொண்டும் விலங்கு எத்தனை நாள் தாங்கும்? இதுவோ அவ்வளவு முற்றும் வரை தாங்கி, கடைசியில் மற்றவற்றோடு வெள்ளத்தில் போனதாகத்தான் தெரிகிறது. மற்றவை அதைப் பார்த்துக்கொண்டன என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குச் சான்றில்லை. கூட்டத்துக்குள் இருந்ததே போதுமான காவலாக இருந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: இந்த நடை கோடையில்தான், முன்பதிவு அவசியம். மரநிழலை எதிர்பார்க்காதீர்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டு எலும்பைக்கூடப் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம்.