கால் சூடானால் நரம்பு வேகமெடுக்கும்

நீரிழிவால் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் உள்ளவர்களுக்கு, ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, நரம்பு மின்துடிப்பைக் கடத்தும் வேகம் கூடுகிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தோலின் வெப்பத்தை. குழாய் விரிந்தால் பாதம் சூடாகும். சூடான நரம்பு தானாகவே வேகமாகக் கடத்தும்: ஒரு டிகிரிக்கு நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். இரண்டு டிகிரி ஏறினாலே 4 மீட்டர் 'முன்னேற்றம்' அறிக்கையில் ஏறிவிடும். நரம்பு இருந்தபடியேதான் இருக்கும்.

அதனால் ஏசி அறைக்குள் வந்தவரின் காலில் உடனே மின்முனை ஒட்டக்கூடாது. கால் மணி நேரம் போர்த்திப் படுக்க வைத்து, கணுக்காலருகே வெப்ப உணரியை ஒட்டி, 32 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்த பிறகே சூரல் நரம்பை (கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் உணர்வு நரம்பை) அளக்கத் தொட வேண்டும். வெந்நீர்ப் பை வைத்தால் தோல் சட்டென்று சூடாகிவிடும். உள்ளே நரம்பு குளிர்ந்தே கிடக்கும். இன்னும் சில நிமிடம் பொறுக்கத்தான் வேண்டும். வெப்பத்துக்குக் கணக்கில் திருத்தம் போடலாமே என்பார்கள். அந்தச் சூத்திரங்கள் நல்ல நரம்புக்கானவை, நோயுற்ற நரம்பு அவற்றுக்குக் கட்டுப்படாது.

தூரமும் காலை வாரும். நரம்பை மின்சாரத்தால் தூண்டும் இடத்துக்கும் அலை பதியும் இடத்துக்கும் நடுவே 14 செ.மீ. என்றால், டேப் ஒரு செ.மீ. பிசகினால் வேகத்தில் 7 சதவீதம் போயிற்று. முதல் வருகையின் அளவைக் குறித்துவைத்து, ஒரே ஆள் அளப்பது நல்லது. இன்னொரு துப்பும் உண்டு: வேகம் கூடி, அலையின் வீச்சு (உயரம்) குறைந்திருந்தால் அது வெப்பத்தின் வேலை. இரண்டும் கூடியிருந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

1998-இல் வெளியான, ரத்தக் குழாயை விரிக்கும் ரத்த அழுத்த மருந்தான டிராண்டோலாப்ரில் பற்றிய ஆய்வில், 41 பேரைப் பன்னிரண்டு மாதம் பார்த்தார்கள். பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குப் போகும் பெரோனியல் நரம்பின் வேகமும் சூரல் நரம்பின் வீச்சும் தேறின. நோயாளி சொன்ன தொந்தரவுகளின் மதிப்பெண் அசையவில்லை.

வலியை அளப்பது இன்னும் சிக்கல். ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்து பலருக்குத் தலைவலி தரும். தலை வலித்தவர் தன்னிடம் இருப்பது போலி மருந்தல்ல என்று ஊகித்துவிடுவார். 2002-இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் குழு ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்ற நைட்ரேட் மருந்தைப் பாதத்தில் தெளித்துப் பார்த்தது. 22 பேர், மருந்து நான்கு வாரம், போலித் தெளிப்பு நான்கு வாரம், நடுவில் இரண்டு வாரம் இடைவெளி. முடிவில் 11 பேர் மருந்தைத் தொடர விரும்பினார்கள், நால்வருக்குப் போலியே பிடித்திருந்தது. மிச்சம் ஏழு பேரால் எது மேல் என்று முடிவெடுக்க முடியவில்லை.