சர்டிபிகேட் இருக்கு, கீ எங்க?

நேத்து சாயங்காலம் கிளம்புற நேரத்துல எங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் அக்கா லேப்டாப்ப தூக்கிட்டு வந்தாங்க. எங்க பில்லிங் பேஜுக்குள்ள போகணும்னா, ஆள் யாருன்னு சர்வருக்கு காட்டுற கிளையன்ட் சர்டிபிகேட் அவங்க மெஷின்ல இருக்கணும், அத நான்தான் அனுப்பியிருந்தேன். "தம்பி, நீ அனுப்புனத டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் பண்ணிட்டேன், சக்சஸ்னு கூட வந்துச்சு, ஆனா பில்லிங் பேஜ் உள்ள விடமாட்டேங்குது." பாத்தா எங்க வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 400 எரர் காட்டுது, கிளையன்ட் சர்டிபிகேட் வரவே இல்லங்குது. எந்த சர்டிபிகேட்டுன்னு கேக்குற பாப்அப்பும் வரல.

அவங்க இன்ஸ்டால் பண்ணத விண்டோஸ்ல திறந்து ஜெனரல் டேப்ல கீழ பாத்தேன். சின்னதா ஒரு சாவி படம் போட்டு, இதுக்கான பிரைவேட் கீ, அதாவது ரகசிய சாவி, உங்ககிட்ட இருக்குன்னு ஒரு வரி வரணும், அது இல்ல. நான் அனுப்புன ஜிப்ல ரெண்டு ஃபைல் இருந்துச்சு, சிஆர்டி ஒண்ணு, பி12 ஒண்ணு, அக்கா போட்டது சிஆர்டி. அதுல சர்டிபிகேட் மட்டும்தான், கீ கிடையாது. கீயும் சேர்ந்து இருக்குறது பி12லதான்.

இந்த இடம் புரிஞ்சிட்டா மிச்சமெல்லாம் புரிஞ்சிடும். சர்டிபிகேட்ங்கறது ரகசியமே இல்ல, யார் கையில வேணா இருக்கலாம். சர்வர் கேட்டதும் பிரவுசர் அத அனுப்பும், கூடவே அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேசுன ஹேண்ட்ஷேக், அதாவது கனெக்‌ஷன் தொடங்குற பேச்சு மொத்தத்தையும் பிரைவேட் கீயால சைன் பண்ணி அனுப்பும், சர்வர் அந்த சர்டிபிகேட்ல இருக்குற, பிரைவேட் கீயோட ஜோடியான பப்ளிக் கீய வச்சு அந்த கையெழுத்து சரியான்னு பாத்துக்கும், அவ்வளவுதான். இதுல எங்கயும் பிரைவேட் கீ மெஷின விட்டு வெளிய போறதே இல்ல. போலி சைட்டு ஒண்ணுல அக்கா பாஸ்வேர்ட டைப் பண்ணிட்டா அது போச்சு, ஆனா இந்த கீய அப்படி யாராலயும் பிடுங்க முடியாது. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே அதுதான். இன்னொண்ணு, பிரவுசரும் சர்வரும் பாதுகாப்பா பேசிக்கிற முறையான டிஎல்எஸ்ஸோட 1.2 வெர்ஷன்ல கிளையன்ட் சர்டிபிகேட் என்கிரிப்ட் ஆகாம போகும், நடுவுல பாக்குறவனுக்கு பேரு, மெயில் ஐடி எல்லாம் தெரியும், 2018ல வந்த 1.3லதான் அத மூடுனாங்க. அதனால அந்த பேஜுக்கு 1.3 மட்டும்தான் வச்சிருக்கேன்.

அப்புறம் பி12 ஃபைல இம்போர்ட் பண்ணோம். பாஸ்வேர்ட போன்லயே சொல்லியிருந்தேன், அக்கா டைரியில குறிச்சு வச்சிருந்தாங்க. கீய எக்ஸ்போர்ட் பண்ண விடலாமான்னு கேக்குற டிக்க போடவே இல்ல. குரோம முழுசா மூடி திறந்ததும் பாப்அப் வந்துச்சு, அதுல அக்கா பேரு.

ஆனா மனசுக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. கீய நான் உருவாக்கி மெயில்ல அனுப்புனதே சரியில்ல. நம்ம ஆடிட்டருங்க வச்சிருக்குற டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) யூஎஸ்பி டோக்கன்ல கீ உள்ளயே பிறந்து உள்ளயே இருக்கும், காப்பி பண்ண முடியாது. நானும் அவங்கவங்க மெஷின்லயே கீய உருவாக்கி, சர்டிபிகேட் கேக்குற விண்ணப்பமான சிஎஸ்ஆர மட்டும் வாங்கி சைன் பண்ணி குடுத்திருக்கணும். அடுத்த ரின்யூவல்ல இருந்து அப்படித்தான். இப்போதைக்கு அக்கா மெயில்லயும் டவுன்லோட்ஸ்லயும் கிடந்த பி12அ அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டுதான் கிளம்புனேன்.