கணக்கு வேலைக்கு ரெசூமே தயார் செய்தபோது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்ததும் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டு, கோயம்புத்தூரில் வேலை தேட ஆரம்பித்தேன். கையில் இருந்தது பி.காம் கடைசி வருடத்தில் பிரௌசிங் சென்டரில் அடித்து வாங்கிய ரெசூமே. அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று உறுதிமொழி. ராசி, நட்சத்திரம் சேர்த்தால் வரன் பார்க்கவே கொடுத்துவிடலாம்.

தனியார் கம்பெனிக்கு இதெல்லாம் தேவையில்லை. அரசு வேலை, வங்கி வேலை என்றால் வேண்டியதை அவர்கள் படிவத்திலேயே கேட்டுக்கொள்வார்கள். எல்லாவற்றையும் தூக்கினேன். 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு' என்று ஓடும் ஆப்ஜெக்டிவும் போனது. அதை யாராவது முழுதாகப் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலை அனுபவத்தை எழுதத்தான் நேரம் பிடித்தது. 'ஜிஎஸ்டி, டேலி வேலைகளைக் கவனித்தேன்' என்று முதலில் எழுதினேன். டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள். ஹெச்ஆரில் இருக்கும் தெரிந்த அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "டேலி தெரியும்னு எல்லாருந்தான் போடறாங்க கண்ணு. நீ என்ன பண்ணுனேன்னு சொல்லு" என்றார். சரி என்று ஒரு மாத வேலையைத் தேதிவாரியாக யோசித்தேன். பிறருக்குப் பணம் கொடுக்கும்போது பிடித்த வருமான வரியான டிடிஎஸ்ஸை 7-க்குள் கட்ட வேண்டும், 11-க்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி ரிட்டர்ன். நடுவில் நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று வந்து குவியும் ஜாப் ஒர்க் (வெளியில் கொடுத்துச் செய்யும் வேலை) பில்களை 2பி-யோடு, அதாவது சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியலோடு, ஒப்பிட வேண்டும். 'மாதம் சுமார் 300 பில்களை 2பி-யுடன் சரிபார்த்து, விடுபட்டவற்றைச் சப்ளையரிடம் பேசிச் சேர்க்கவைத்து, 3பி தாக்கலுக்குத் தயார் செய்தேன்' என்று அந்த வரி மாறியது.

அடுத்தது டிசைன். இடமும் வலமுமாக இரண்டு பத்தி, கலர் பட்டை, திறமைக்கு ஐந்து நட்சத்திரம் என்று இணையத்தில் அழகழகாகக் கிடைக்கிறது. அதில் ஒன்றை நிரப்பி பிடிஎஃப் ஆக்கி, எழுத்தை மொத்தமாக காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். இடப்பக்கத்து எக்ஸெல், வலப்பக்கத்து கம்பெனி பெயரின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. ரெசூமேயைப் படித்துப் பிரிக்கும் மென்பொருளுக்கும் இதே குழப்பம் வரலாம். அதனால் மேலிருந்து கீழாக ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு என்று வேர்டிலேயே முடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் போதுமாக இருந்தது.

தேதிகளை நினைவிலிருந்து எழுதவில்லை. சேர்ந்த தேதியை ஆஃபர் லெட்டரிலும், விலகிய தேதியை ரிலீவிங் லெட்டரிலும் பார்த்தேன். பிஎஃப் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. வேலையில் சேரும் நேரத்தில் சரிபார்ப்பவர்கள் அதையும் கேட்பதுண்டு.

இடைவெளியை மறைக்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். மாதத்தைப் போடாமல் வருடம் மட்டும் போட்டால் தெரியாதாம். நேர்காணலில் எப்படியும் கேட்கத்தானே போகிறார்கள்! 'குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி' என்று மாதம், வருடத்தோடு ஒரே வரியில் எழுதினேன்.

நேர்காணலில் அதைப் பற்றி ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். பிடித்துக்கொண்டது 2பி வரியைத்தான். "சப்ளையர் ரிட்டர்ன் போடலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் மேனேஜர். பில்லில் வரித்தொகையை மட்டும் நிறுத்திவைத்து, 2பி-யில் வந்த பிறகு கொடுப்போம் என்றேன். அப்புறம் பேச்சு, ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு அனுப்பும்போது போடும் சலானுக்குப் போனது. சம்பளத்தைப் பற்றிப் பேசியது அதற்கும் பிறகுதான்.