பாடம் வெளியே, பதிவு உள்ளே

பயிற்சிப் பாடம் விற்பனையாளரின் சர்வரிலேயே இருக்கட்டும், யார் படித்தார்கள், யார் தேறினார்கள் என்ற கணக்கு மட்டும் நம்முடைய எல்.எம்.எஸ்ஸில் (பயிற்சிகளை நடத்திப் பதிவு வைக்கும் மென்பொருளில்) வந்து சேரட்டும் என்று நிர்வாகங்கள் கேட்பதில் தவறேதும் இல்லை. பாடத்தில் திருத்தம் வந்தால் விற்பனையாளர் தன் இடத்தில் மாற்றினால் போதும். கோப்பை வாங்கி மறுபடி ஏற்றும் வேலை நமக்கு மிச்சம். கோப்பு கைமாறாததால் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கட்டணம் வாங்குவது அவர்களுக்கும் வசதி. ஒரு தொழிற்சாலையின் பயிற்சித் துறையில் எல்.எம்.எஸ்ஸைப் பார்த்துக்கொண்ட காலத்தில், இந்த இரண்டு முனைகளையும் இணைத்து வைப்பதே என் வேலையாக இருந்தது.

விற்பனையாளரின் விவரப் பட்டியலில் ‘ஸ்கார்ம் ஆதரவு உண்டு’ என்ற வரிக்கு எதிரே டிக் அடித்திருந்தது. பாடமும் எல்.எம்.எஸ்ஸும் பேசிக்கொள்ள வகுத்த தரம்தான் ஸ்கார்ம். எங்கள் எல்.எம்.எஸ்ஸின் பட்டியலிலும் அதே டிக். இரண்டும் உண்மை. சேர்த்து வைத்தபோது மட்டும் ஓடவில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏ.டி.எல். திட்டம் உருவாக்கியது ஸ்கார்ம். இன்றும் பரவலாகப் புழங்கும் 1.2 பதிப்பு 2001இல் வந்தது. பாடம் முழுவதும் ஒரு ஸிப் கோப்பாக எல்.எம்.எஸ்ஸுக்குள் ஏற்றப்படும் என்று எண்ணியே அதை வகுத்தார்கள். பாடம் திறந்தவுடன், தன்னைத் திறந்த சன்னல்களில் மேலே மேலே ஏறிப் போய், ‘ஏ.பி.ஐ.’ என்ற பெயருள்ள ஜாவாஸ்கிரிப்ட் பொருளைத் தேடும். கிடைத்தால் மதிப்பெண்ணை அதனிடம் ஒப்படைக்கும். பாடம் வேறு டொமைனிலிருந்து வந்தால் பிரௌசர் அந்தத் தேடலைத் தடுத்துவிடும். தடுக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கண்ட தளமெல்லாம் தான் திறந்துவைத்த வங்கிப் பக்கத்தை எட்டிப் படித்துவிடும்.

இதற்குத் தொழிலில் உள்ள மாற்றுவழி ‘டிஸ்பாட்ச்’ கோப்பு. சில கிலோபைட் அளவுள்ள ஒரு ஸிப். எங்கள் எல்.எம்.எஸ். அதைச் சாதாரண ஸ்கார்ம் பாடமாகவே நினைத்து ஏற்றுக்கொள்ளும். உள்ளே இருப்பதோ ஒற்றைப் பக்கம். அது வெளி சர்வரிலிருந்து உண்மையான பாடத்தைத் தன் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வரவழைத்து, பாடம் சொல்வதை எல்.எம்.எஸ்ஸிடம் சொல்லும். எல்லைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளரைப் போல. அழகான யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் உள்ளே வந்தவர் யார் என்று நினைவில் வைக்க, வெளிப் பாடத்துக்குத் தன் குக்கீ (பிரௌசரில் அது விட்டுவைக்கும் சிறு குறிப்பு) வேண்டும். 2020 பிப்ரவரியில் வெளியான குரோம் 80, பிற தளச் சட்டத்துக்குள் குக்கீகளை அனுப்பும் விதியை இறுக்கத் தொடங்கியது. அடுத்த மாதமே சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கீகளை முற்றாகத் தடுத்தது. மேலாளர்களின் ஐபேடில் பாடம் திரும்பத் திரும்ப லாகின் கேட்டது. புதிய சன்னலில் திறக்கச் செய்தால் பாப்அப் தடுப்பான் வழிமறிக்கும். அதையும் கடந்தால், படித்து முடித்தவர் சன்னலை மூடும் விதத்தைப் பொறுத்துக் கடைசிச் செய்தி வந்து சேரும், சேராது. பக்கத்துக்குப் பக்கம் பதிவை அனுப்பும்படி விற்பனையாளரைக் கேட்டு வாங்கிய பிறகே புகார்கள் குறைந்தன.

வேடிக்கை என்னவென்றால், ஸ்கார்முக்கும் முந்தைய ஏ.ஐ.சி.சி. இந்தச் சிக்கலை அந்தக் காலத்திலேயே கடந்திருந்தது. விமானத் துறையினர் 1988இல் அமைத்த குழு அது. பாடத்தைத் திறக்கும் முகவரியிலேயே எல்.எம்.எஸ்ஸின் திரும்பு முகவரியையும் ஓர் அமர்வு எண்ணையும் கொடுத்துவிடுவார்கள். பாடத்தின் சர்வர் நேராக அங்கே பதில் அனுப்பும். குழுவை 2014இல் கலைத்துவிட்டார்கள். அவர்களுடைய முறை பல இடங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. சி.எம்.ஐ.5, எல்.டி.ஐ. 1.3 என்று பிற்காலத்தில் வந்த இணைப்புத் தரங்கள் பாதுகாப்பில் மேலானவை, எங்கள் எல்.எம்.எஸ்ஸின் பதிப்பு அவற்றை அறியாது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆள் யார் என்பதில்தான் உண்மையான தலைவலி. இத்தகைய இணைப்புகள் பலவும், படிப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் இருக்கும் என்று நம்பிக்கொள்கின்றன. எங்களிடம் பாதுகாப்புப் பாடம் மிக அவசியமாகத் தேவைப்பட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அலுவலக மின்னஞ்சல் அவர்களில் எவருக்கும் கிடையாது. பணியாளர் எண் உண்டு, ஆனால் ஒப்பந்தக்காரர் மாறினால் அதுவும் மாறும். அதே மனிதர், அதே இயந்திரம், எல்.எம்.எஸ்ஸில் மட்டும் நேற்றுப் பிறந்தவராக நிற்பார். பழைய சான்றிதழ்கள் யாரோ ஒருவருடைய பெயரில் அநாதையாகக் கிடக்கும். தொகுப்பாளர்களும் ஆலோசகர்களும் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது வழி சொன்னவர் டைம் ஆபீஸ் எழுத்தர்: “ஒப்பந்தக்காரர் மாறினாலும் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் மாறாது சார்.” பன்னிரண்டு இலக்க எண், வேலை எங்கே மாறினாலும் கூடவே வரும். அதை எல்.எம்.எஸ்ஸுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு, விற்பனையாளருக்குப் பொருளற்ற ஒரு குறியீட்டை அனுப்பினோம். அவர்களுக்கு முழுப் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டுமாம், அறிக்கை அழகாக வருவதற்கு. கொடுக்கவில்லை.

பாடம் அனுப்பும் நிலையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதிலும் இழுபறி. ஸ்கார்ம் 1.2இல் முடித்ததற்கும் தேறியதற்கும் ஒரே கட்டம். 2004 பதிப்பில்தான் இரண்டாகப் பிரித்தார்கள். எங்கள் சான்றிதழ் விதி தேர்ச்சிக்காகக் காத்திருந்தது, வெளிப் பாடமோ முடித்தார் என்பதை மட்டும் அனுப்பியது. தேர்வு எழுதி எண்பது வாங்கியவரும் சான்றிதழ் இன்றி நின்றார்.

அந்தக் கட்டத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை ஒரு பயிற்சிப் பொறியாளர் காட்டிக்கொடுத்தார். பிரௌசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, தீத்தடுப்புப் பாடத்தில் தன்னைத் தேறியவராக ஒரே வரியில் எழுதிக்கொண்டார். எல்.எம்.எஸ். மறுபேச்சின்றி நம்பியது. படிப்பவருடைய பிரௌசர் சொல்வதை ஏற்பதுதானே அதன் அமைப்பு. மனிதவளத் துறை நடவடிக்கைக் கடிதம் தயாரித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பு அதிகாரி அவரைத் திடலுக்கு அழைத்துப் போய், “தம்பி, அந்த எரியும் தட்டை அணைத்துக் காட்டுங்கள்” என்று தீயணைப்பானைக் கையில் கொடுத்தார். பாதுகாப்பு முள்ளைப் பிடுங்கவே அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு தீத்தடுப்புக்குத் திடல் பயிற்சியின் கையொப்பம் இல்லாமல் சான்றிதழ் அச்சாவதில்லை. அந்த ஏற்பாட்டை எந்தத் தொழில்நுட்பத் தரத்தைவிடவும் நான் உயர்வாக வைப்பேன்.

ஒப்பந்தம் முடிந்து விற்பனையாளர் விலகியபோது இன்னொன்று வெளிப்பட்டது. டிஸ்பாட்ச் கோப்புகள் எங்களிடம் இருந்தன, திறந்தால் வெற்றுச் சட்டம். பதிவுகள் அப்படியே இருந்தன: இன்னார், இன்ன தேதியில், இன்ன பாடம், தேர்ச்சி. தணிக்கைக்கு வந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ரசாயனம் கையாளும் பாடத்தில் அந்த ஆண்டு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், காட்டுங்கள் என்றார். காட்ட எதுவும் இல்லை. நடுவில் எத்தனை தடவை திருத்தினார்கள், எவர் எந்தத் திருத்தத்தைப் படித்தார் என்பதும் அவர்களுடைய சர்வரோடு போய்விட்டது. எந்த வசதிக்காகப் பாடத்தை வெளியே விட்டோமோ, அதே வசதி இங்கே காலை வாரியது.

அடுத்து வந்த விற்பனையாளரிடம், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பாடத்தின் முழு உரையையும் கேள்விகளையும் தேதியிட்ட பி.டி.எஃப். கோப்பாகத் தர வேண்டும், பதிவோடு பதிப்பு எண்ணும் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். பதிப்பு எண்ணுக்கு உடனே ஒப்புக்கொண்டார்கள். பி.டி.எஃப். தருவது தங்கள் அறிவுசார் சொத்தைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம் என்று வாதாடினார்கள். கொள்முதல் துறை விலையைப் பற்றி மட்டுமே பேச விரும்பியது. கடைசியில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தணிக்கைக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் பயிற்சி தரப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு கையெழுத்தானது.