‘கிரேஸ்’ என்ற சொல்லை நான் படித்த விதம்

மூணாறில் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவள் நான். முதல் மொழிபெயர்ப்புத் தேர்வில், கடனைக் கட்டப் பத்து நாள் ‘கிரேஸ்’ தந்தார்கள் என்றோர் ஆங்கில வாக்கியம் வந்தது. ‘பத்து நாள் அருள் வழங்கினர்’ என்று எழுதிவிட்டேன். ‘கூடுதல் அவகாசம்’ என்று எழுதியிருக்க வேண்டும். சிறு வயது முதல் தெரிந்த சொல் கைவிட்டது மதிப்பெண் போனதைவிட வலித்தது.

வழி கிடைத்தது எங்கள் கோயிலில். தமிழ்ப் பூசையில் ‘அருள் நிறைந்த மரியே’ என்போம். மலையாளப் பூசையில் அதே இடத்தில் ‘நன்ம நிறஞ்ஞ மரியமே’ என்பார்கள். ஆங்கிலத்தில் அங்கே இருப்பது கிரேஸ். பக்கத்து மொழி அதை நன்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என்றால், அருள் அதன் ஒரு முகம்தான். எல்லையோரத்தில் படிக்கிறவர்களே, இரண்டு மொழிகளிலும் ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள்; அகராதி காட்டாதது தெரியும்.

பிறகு வேரைத் தேடினேன். இலத்தீனில் ‘கிராத்தியா’ என்றால் தயவு, வசீகரம், நன்றி மூன்றும்தான். தயவிலிருந்து இறைவனின் கிருபை, கெடு முடிந்தபின் தரும் சலுகை நாள்கள், கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் பரிசு பெற்றவர்களுக்கு இங்கே கிடைக்கும் கிரேஸ் மார்க். வசீகரத்திலிருந்து நடனக்காரரின் நளினம். மேலை இசையில் முதன்மைச் சுரத்தை ஒட்டிப் பொடி எழுத்தில் எழுதும் அலங்காரச் சுரம். நன்றியிலிருந்து சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் எல்லோர் வாயிலும் புழங்கும் ‘கிராஜுவிட்டி’யும் இதே குடும்பம்தான். என் அம்மா 28 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மனமுவந்து தரும் கொடை என்பதே அந்தச் சொல்லின் பழைய பொருள். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ அதை உரிமையாக்கிவிட்டது: ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்து ஓய்வு பெறுபவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்கில் கொடுத்தே ஆக வேண்டும் என்றது அது. தயவில் பிறந்த சொல் உரிமையாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேர்வுக்கு வேர் மட்டும் போதாது. தொடர்களை முழுதாகவே மனத்தில் ஏற்றுங்கள். ‘சேவிங் கிரேஸ்’ என்றால் குறைகளுக்கு நடுவே ஆறுதலான ஒரே நல்ல அம்சம். ‘ஃபால் ஃப்ரம் கிரேஸ்’ என்றால் இருந்த நல்ல பெயரை இழப்பது. ‘யுவர் கிரேஸ்’ என்பது பிரிட்டனில் கோமகனையும் பேராயரையும் அழைக்கும் மரியாதைச் சொல். அதை அருளோடு குழப்ப வேண்டாம்.

‘கிரேஸ்’ வினையாக வந்தால் பலர் தடுமாறுகிறார்கள். அதற்கான தமிழ் நம் வீட்டிலேயே இருக்கிறது. திருமண அழைப்பிதழில் ‘வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்று அச்சிடுகிறோமே, அந்தச் ‘சிறப்பிக்க’தான்.