பிஎச்டி அப்ளிகேஷன்ல எக்ஸ்ட்ரா கரிகுலர் எடுபடுமா?

ஃபைனல் இயர் பிஎஸ்சி பசங்க வருஷா வருஷம் எங்கிட்ட கேக்கற கேள்வி இது. "மேடம், என்எஸ்எஸ் கேம்ப் சர்டிஃபிகேட் இருக்கு, கோலப்போட்டில ப்ரைஸ் வாங்கிருக்கேன், இதெல்லாம் பாப்பாங்களா?" மாயவரத்துலேர்ந்தும் கேக்கறாங்க, வேதாரண்யத்துலேர்ந்தும் கேக்கறாங்க, பாதி பேர் வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளே இவங்கதான், விசாரிக்க வேற யாரும் கிடையாது, அதனால பட்டுன்னு சொல்லிடறேன். எம்எஸ்சி சீட்டுக்குப் பாக்க மாட்டாங்க. ஐஐடி எம்எஸ்சிக்கான என்ட்ரன்ஸ் ஜாம்னா மூணு மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க், ஐஐடில அந்த ரேங்க்தான் பேசும். திருவாரூர் சென்ட்ரல் யுனிவர்சிட்டிக்கு க்யூட்ங்கற என்ட்ரன்ஸ் எழுதணும். கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, அது வேற கணக்கு.

பிஎச்டின்னா இன்டர்வியூ இருக்கும். உனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட் எதுன்னு கேட்டுட்டு அதுலயே அடிவரைக்கும் தோண்டுவாங்க. ஃபைலைப் பிரிக்கச் சொல்லவே மாட்டாங்க. அமெரிக்காவுக்குன்னா எஸ்ஓபி (ஏன் படிக்கணும், என்ன பண்ணிருக்கேன்னு நாமளே எழுதற கட்டுரை), பெரும்பாலும் மூணு பேர்கிட்ட சிபாரிசு லெட்டர், ரிசர்ச் என்ன பண்ணிருக்கீங்கங்கறது, இதான் முக்கியம். அங்க ப்ளஸ் டூ முடிச்சு மொத டிகிரி படிக்கச் சேரும்போதுதான் பாட்டு, விளையாட்டு, வாலன்டியர் வேலையெல்லாம் கேப்பாங்க, அந்தக் கதையை யூட்யூப்ல பாத்துட்டு பிஎச்டிக்கும் அதான்னு நம்மாளுங்க குழம்பிடறாங்க. பிஎச்டிக்கு ஆள் எடுக்கறது அந்தந்த டிபார்ட்மென்ட் ப்ரொஃபசருங்க, தன் லேப்ல அஞ்சாறு வருஷம் இந்தப் புள்ள தாக்குப்பிடிக்குமான்னுதான் அவங்க பாப்பாங்க.

ஆனா ஒண்ணு. எங்க ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு, வேதாரண்யம் பக்கம் கடைமடை ஊரு, அடிபம்ப்ல உப்புத்தண்ணி. கெமிஸ்ட்ரி லேப்ல கண்டக்டிவிட்டி மீட்டரை (தண்ணில கரண்ட் எவ்வளவு பாயுதுன்னு காட்டும், உப்பு ஏற ஏற ரீடிங்கும் ஏறும்) கேட்டு வாங்கிட்டுப் போய், மேட்டூர் தண்ணி வர்றதுக்கு முன்னாடியும் வந்தப்புறமும் தெருத்தெருவா ரீடிங் எடுத்து ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தா, யாரும் சொல்லல, மார்க்கும் கிடையாது. அப்ளிகேஷன்ல "இதர செயல்பாடுகள்"ங்கற கட்டத்துல சும்மா ரெண்டு வரி போட்டா. இன்டர்வியூல பாதி நேரம் அதேதான். காலைல எடுத்த ரீடிங்கையும் மத்தியானம் எடுத்ததையும் எப்படிம்மா ஒப்பிடுவேன்னு கேட்ருக்காங்க (ஒரு டிகிரி சூடு ஏறினா கண்டக்டிவிட்டி கிட்டத்தட்ட 2 சதவீதம் ஏறும்), இவ ஒவ்வொரு ரீடிங்குக்கும் பக்கத்துல டெம்பரேச்சரும் எழுதி வச்சிருந்தா. எனக்கு அன்னிக்கு இருந்த பெருமை இருக்கே!

அதே மாதிரிதான் பொங்கல் லீவுல வடுவூர் ஏரில பறவை கணக்கெடுக்கறவங்களும். வைல்ட்லைஃப் பயாலஜி எம்எஸ்சிக்குப் போகணும்னா அதெல்லாம் அசல் களஅனுபவம், தாராளமா எழுதலாம்.

நம்ம கும்பகோணத்து ராமானுஜனை எடுத்துக்கங்க. 1913 ஜனவரில கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டிக்கு எழுதின லெட்டர்ல தன்னைப் பத்தி என்ன சொன்னார்? மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்ட்ல கிளார்க், வருஷத்துக்கு 20 பவுண்ட் சம்பளம், யுனிவர்சிட்டி படிப்பு கிடையாது. கூட பக்கம் பக்கமா தேற்றங்கள். எல்லாரும் ராமானுஜன் ஆக முடியாதுதான், ஆனா எஸ்ஓபி எழுத உக்காரும்போது நான் என்ன பண்ணேன், என்ன கண்டுபிடிச்சேன்னு அப்படி நேரா எழுதலாமே.

சர்டிஃபிகேட்டுக்காக ஓடறவங்களப் பாத்தாதான் மனசு கஷ்டமா இருக்கு. காலைல டவுன் பஸ் புடிச்சு வந்து, சாயங்காலம் பஸ்ல தொங்கிட்டுப் போற புள்ளைக்கு மிச்சம் இருக்கறதே கொஞ்ச நேரம், அதுல விருப்பமே இல்லாத போட்டில போய் நிக்கறதுக்கு குவாண்டம் மெக்கானிக்ஸ் பிராப்ளம் நாலு போடலாம். ஆனா பரதநாட்டியமோ, கபடியோ, மேளம் வாசிக்கறதோ, உசுரா செய்றீங்கன்னா தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க, அதுக்கு எந்த அப்ளிகேஷனும் சாட்சி சொல்ல வேண்டியதில்ல. பெத்தவங்களுக்கும் இதையேதான் சொல்றேன்.

சேத்தே ஆகணும்னா சம்மர் ப்ராஜெக்ட் சேருங்க. பெங்களூர் அகாடமி, டெல்லி இன்சா, அலகாபாத் நாசி, இந்த மூணு சயின்ஸ் அகாடமியும் சேந்து நடத்தற சம்மர் ஃபெல்லோஷிப்ல ரெண்டு மாசம் நெஜ லேப்ல வேலை பாக்கலாம், ஸ்டைபண்டும் தர்றாங்க, காசில்லாத வீட்டுப் புள்ளைங்களும் போகலாம். கோடைக்குத்தானேன்னு ஏப்ரல் வரைக்கும் உக்காந்திருக்காதீங்க, ஃபார்ம் பல மாசம் முன்னாடியே முடிஞ்சிடும். டீச்சர் லெட்டர் ஒண்ணு வேணும், உங்களை நல்லாத் தெரிஞ்சவங்ககிட்ட இப்பவே போய்க் கேளுங்க.